அப்பன் பெயர் என்ன?

"பெயர்?" சொன்னாள் தாய். "பிறந்த தேதி?" அதையும் சொன்னாள். "அப்பா பெயர்?"

பேனா காத்திருந்தது, தாய் பேசவில்லை. ஆறு வயதுச் சிறுவன் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். "ஏம்மா, எத்தனை பேர் நிக்கிறாங்க, சீக்கிரம் சொல்லு" என்றார் எழுத்தர். கெட்டவரல்லர் அவர். கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்பதுதான் அவர் கவலை! "அம்மா பெயரை எழுதுங்கள், ஐயா. பெற்றவள் அவள்தானே!" என்றேன் துணைக்குப் போயிருந்த நான். தயங்கினார், எழுதினார், முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? இல்லை, தோழர்களே! அந்தச் சிறுவனின் தகப்பன் செத்துப் போகவில்லை, சீமைக்கு ஓடிவிடவுமில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிறான். லாரி ஓட்டுகிறான். மே தின ஊர்வலத்தில் எனக்கும் உங்களுக்கும் முன்னால் கொடி பிடித்துப் போகிறவன் அவன்! அடுத்த வாரம் தேநீர்க் கடையில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உன் பிள்ளைக்கு உன் பெயர் ஏனப்பா இல்லை?" என்றேன். "தாலி கட்டலியேண்ணே, எப்படி என் பேரைப் போடறது?" என்றான்.

தாலி கட்டவில்லையாம், அதனால் தகப்பன் இல்லையாம்! பிள்ளையைப் பெறுவதற்குத் தாலி தேவைப்படவில்லை. பெயரைத் தருவதற்குத்தான் தாலி தேவைப்படுகிறது! பகுத்தறிவுப் பாசறையில் பத்தாண்டு பயின்றவன் வாயிலிருந்து வருகிற பேச்சா இது? ஆனால் அவனை மட்டும் ஏசிப் பயனில்லை. அவன் நாவில் பேசுவது நாலாயிரம் ஆண்டுப் பழமை.

சகுந்தலை கதையைக் கேட்டிருப்பீர்கள். காட்டிலே கலந்தான் மன்னன், நாட்டிலே வந்து நின்றாள் அவள், "யாரம்மா நீ?" என்றான் துஷ்யந்தன். பாரதத்திலே அசரீரி வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. காளிதாசனின் நாடகத்திலோ மீன் வயிற்றிலிருந்து மோதிரம் வர வேண்டியிருந்தது. வானமும் மீனும் வாய் திறக்காமற் போயிருந்தால் பரதன் கதி என்ன? குந்தியின் மூத்த மகன் கர்ணன் கதிதான்! வில்லேந்தி அரங்கிலே நின்றவனிடம் விற்பிடிக்கும் திறனையா கேட்டார்கள்? குலத்தைக் கேட்டார்கள், தந்தையைக் கேட்டார்கள்!

நம் தமிழ்க் காப்பியத்துக்கு வாருங்கள். மாதவியை மணந்தவனல்லன் கோவலன். ஆயினும் அவள் வயிற்றில் மகள் பிறந்தபோது ஓடி ஒளிந்தானா? தன் குலத்தைக் கடலில் காத்த தெய்வத்தின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினான். தானம் தந்து விழா எடுத்தான். அந்த மகளையே தலைவியாக வைத்துக் காப்பியம் பாடினார் சாத்தனார். அவளைக் கண்ணகியின் மகள் என்றும் சொல்ல அந்தக் காப்பியம் கூசவில்லை. கோவலனிடம் குறை ஆயிரம் உண்டு. இந்த ஒன்றில் அவன் நம் லாரித் தோழனைவிட மேல்!

சரி, அந்த மணிமேகலை இன்று பூம்புகாரில் பிறந்திருந்தால்? உயில் எழுதாமல் கோவலன் இறந்திருந்தால் அவன் சொத்தில் ஒரு செப்புக்காசுகூட அவளுக்குக் கிடைத்திராது! (மாசாத்துவான் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டுத் துறவு பூண்டார் என்பது வேறு கதை.) நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது: மணமின்றிப் பிறந்த பிள்ளை தாய்க்கு உறவு, தாயின் மற்றப் பிள்ளைகளுக்கு உறவு. தந்தைக்கு? உறவினன் அல்லன்!

அதே 1956-இல் அதே நாடாளுமன்றம் செய்த இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். இளவர் காப்பாளர் சட்டம் அது. மணமின்றிப் பிறந்த பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் முதலில் தாய், அவளுக்குப் பின் தந்தை என்கிறது. ஒரு சட்டத்தில் தந்தை காப்பாளன். மறு சட்டத்தில் அவன் அந்நியன்! சோறு போடும் கடமையிலோ சந்தேகமே இல்லை. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே, மணத்தில் பிறந்தாலும் மணமின்றிப் பிறந்தாலும் பிள்ளைக்குத் தந்தை ஜீவனாம்சம் தரவேண்டும் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். 1973-இல் அது 125-ஆம் பிரிவாயிற்று. மாதத்துக்கு 500 ரூபாய்க்கு மேல் இல்லை என்றிருந்த உச்சவரம்பு 2001-இல் ஒழிந்தது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அது 144-ஆம் பிரிவு. சட்டத்தின் புதுப் பெயர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. சோற்றுக்கு வழி கேட்கப் போகிற தமிழ்த் தாய் முதலில் இந்தப் பெயரைச் சொல்லப் பழகவேண்டும். அவ்வளவு கருணை தில்லிக்கு!

ஆலையில் கை போனால், உயிர் போனால் இழப்பீடு தரும் சட்டம் ஒன்று 1923-இல் வந்து பலமுறை திருத்தப்பட்டதே, அந்தச் சட்டமும் தொழிலாளியைச் சார்ந்திருந்தோர் வரிசையில் இத்தகைய பிள்ளைகளைச் சேர்த்திருந்தது. உயிரோடிருந்தால் சோறு போடு, ஆலையில் செத்தால் இழப்பீட்டில் பங்கு உண்டு. வீட்டிலே செத்தாலோ வீட்டில் பங்கில்லை! எந்த ஊர் நியாயம் இது?

இந்த அநியாயத்தை நம் இயக்கம் ஏட்டில் படித்தறிந்ததன்று. தன் உடம்பிலேயே பட்டறிந்தது. புரோகிதரின்றி, மந்திரமின்றி, தீவலம் இன்றி, மாலை மாற்றிக்கொண்டு மணந்தார்கள் ஆயிரமாயிரம் பேர். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் அந்தத் திருமணம் செல்லாது என்றது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகள்? அவர்களும் "முறையற்றவர்கள்"! ஊரறிய மணந்தவள் ஒரே தீர்ப்பில் மனைவி அல்லள் ஆனாள். எத்தனை வீடுகளில் அன்றிரவு அடுப்பு எரியாமல் இருந்திருக்கும்! 1967-இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு சட்டம் செய்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இனி நடப்பவை மட்டுமல்ல, முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது. பிள்ளைகளின் நெற்றியிலிருந்து பழிச்சொல் துடைக்கப்பட்டது. வழக்கறிஞர்கள் முன்னிலையிலும் அத்திருமணம் செய்யலாம் என்று 2023-இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆகவே, தோழனே, தாலி இல்லை என்று நீ சாக்குச் சொல்லாதே! நண்பர் நால்வர் முன் மாலை மாற்றிக்கொண்டால் மணம், பதிவு செய்துகொண்டால் பத்திரம். அதுவும் வேண்டாம், சேர்ந்து வாழ்வோம் என்பவர்க்கும் ஒரு கதவு உண்டு. ஆணும் பெண்ணும் நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் திருமணம் நடந்தது என்றே ஊகிக்க வேண்டும். இல்லை என்பவன்தான் நிறுவ வேண்டும் என்று கேரள வழக்கொன்றில் 2022-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் சொல்லிற்று. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொத்தில் மட்டுமின்றி, கூட்டுக்குடும்பச் சொத்தில் அந்தப் பெற்றோருக்குச் சேரும் பங்கிலும் உரிமை உண்டு என்றது 2023 செப்டம்பர் தீர்ப்பு. செல்லாத திருமணமாவது ஒன்று நடந்திருக்க வேண்டும். எதுவும் நடவாதவன் பிள்ளைக்கு இன்னும் கதவு அடைப்புதான்.

"அவன் பிள்ளை என்று எப்படி நம்புவது?" என்று கேட்கும் கண்ணியவான்கள் சிலர் உண்டு. கேளுங்கள் ஒரு கதை. என்.டி. திவாரி தெரியுமல்லவா? உத்தரப் பிரதேசத்துக்கு மூன்று முறை முதல்வர், உத்தரகண்டத்துக்கு ஒரு முறை, மத்தியிலே அமைச்சர், ஆந்திரத்துக்கு ஆளுநர். அவர் ஆளுநராக இருந்தபோதே, 2008-இல், இளைஞர் ஒருவர் தில்லி உயர்நீதிமன்றம் ஏறி, "இவர் என் தந்தை" என்றார். இல்லை என்றார் பெரியவர். இரத்தம் தாருங்கள் என்றது மன்றம். முடியாது என்றார். காவலர் துணையோடும் எடுக்கலாம் என்றது மன்றம். 2012 மே மாதம் டேராடூன் இல்லத்தில், 86 வயதில், ஊசி ஏறிற்று. ஜூலை 27 அன்று மன்றத்தில் உறை பிரித்தார்கள். டி.என்.ஏ. பேசிற்று: திவாரிதான் தந்தை! 2014-இல் மகனை ஏற்றார். மகனின் தாயையும் மணந்தார். ஆளுநர் மாளிகையை ஆட்டிவைத்தது ஒரு சொட்டு இரத்தம். அசரீரிக்கும் மீனுக்கும் இனி வேலையில்லை!

ஆனால் அறிவியல் இருபுறமும் கூரான கத்தி. ஊருக்கெல்லாம் அதை வீசிக் கொண்டிருக்க முடியாது. திருமணம் நிலைத்திருக்கையில் பிறந்த பிள்ளைக்குக் கணவனே தந்தை என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் கொள்கை. இன்றைய சட்டத்தில் 116-ஆம் பிரிவு. அந்தக் காலத்தில் கணவனும் மனைவியும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று முதலில் நிறுவாமல் வேறொருவனிடம் இரத்தம் கேட்க முடியாது என்று 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் உரைத்தது. சந்தேகப்படும் கணவனெல்லாம் பிள்ளையின் விரலில் ஊசி குத்தக் கிளம்பினால் எந்தத் தாய் நிம்மதியாக உறங்குவாள்? இந்தக் கட்டுப்பாடு நல்லதென்றே நினைக்கிறேன். மணமாகாத தாய்க்கு இந்தத் தடை இல்லை. சோதனை தேவையா என்பதை நீதிபதி முடிவு செய்வார்.

தந்தையின் பெயரைச் சொல்ல விரும்பாத தாயும் உண்டு. அவளுக்கும் காவல் உண்டு. பிள்ளையின் காப்பாளராகத் தன்னை அறிவிக்கும்படி கேட்ட மணமாகாத தாயிடம், தந்தையின் பெயரைச் சொல், அவனுக்கு அறிவிப்பு அனுப்பு என்று வற்புறுத்தக் கூடாது என்றது 2015 ஜூலை 6 அன்று உச்சநீதிமன்றம். தாய் ஒருத்தியின் பெயரே போதும் என்று 2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விதியும் இறங்கி வந்தது.

பிரான்சிலே புரட்சி நடந்தபோது, 1793-இல், மணமின்றிப் பிறந்தோர்க்கும் சொத்துரிமை தந்தார்கள். நெப்போலியன் வந்தான், 1804-இல் தந்தை யார் என்று வழக்குத் தேடுவதையே தடை செய்தான். அந்தத் தடை தளர 1912 ஆயிற்று! நார்வேயில் காஸ்ட்பெர்க் என்பவர் போராடி 1915-இலேயே அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரும் சொத்தும் வாங்கித் தந்தார். நூறாண்டுக்கு மேலாகிறது. நாம் எப்போது?

தில்லிக்காகக் காத்திருக்க வேண்டுமா? வாரிசுரிமை பொதுப் பட்டியலில் இருக்கிறது. 1989-இல் கலைஞர் அரசு அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தந்தது. இந்திய நாடு முழுதும் அது வர 2005 ஆயிற்று. மகளுக்குச் செய்த சட்டமன்றம் மணமாகாதாரின் மகனுக்கும் செய்யட்டும். தந்தை இன்னார் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட, அல்லது மன்றத்தில் நிறுவப்பட்ட பிள்ளை, தந்தைக்கும் உறவு என ஒரு வரி சேர்த்தால் போதும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டியிருக்கும், கேட்டு வாங்குவோம்!

இவ்வளவையும் அந்த லாரித் தோழனிடம் மூன்று கோப்பைத் தேநீருக்கிடையே சொன்னேன். அவனுக்குச் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய இரண்டு சென்ட் மனை இருக்கிறது. "சட்டம் திருத்துற வரைக்கும் பையனுக்கு அது சேராதாண்ணே?" என்றான். உயில் எழுதினால் சேரும் என்றேன். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். நீ கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. அதிலேயே "என் மகன்" என்றும் எழுது என்றேன். நெடுநேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓசூருக்குச் சரக்கு ஏற்ற வேண்டும் என்று எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான். சாட்சிக்கு இருவரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.