தறியும் கணக்கும் – 9: காரணம் ஏறாத பேரேடு

ஆரணிப் பட்டு வியாபாரி ஒருவரின் வீட்டு உள்ளறையில் துணி சுற்றி அடுக்கியிருக்கும் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க வாய்த்தவர்கள், கச்சாப் பட்டு எத்தனை கிலோ என்ன விலைக்கு வந்தது, சாயப் பட்டறைக்கு எவ்வளவு போயிற்று, எந்த நெசவாளருக்கு எவ்வளவு ஜரிகை கொடுக்கப்பட்டது, கூலியில் முன்பணம் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பன யாவும் கிராம் பிசகாமல் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வியப்படைவார்கள். பாவையும் ஊடையையும் எடைபோட்டுக் கொடுத்து, நெய்து வந்த புடவையை மறுபடி எடைபோட்டு வாங்கும் தொழிலில் அந்த நுட்பம் இயல்பாகவே படிந்துவிட்டது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் அந்த வீட்டார் அசல் ஜரிகையை ஏன் குறைத்துக்கொண்டார்கள், காஞ்சிபுரத்தின் கனமான முகூர்த்தப் புடவையோடு போட்டிக்குப் போகாமல் எடை குறைந்த, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடிய புடவையே நமது வழி என்று ஏன் நிச்சயித்தார்கள் என்று கேட்டால், அத்தனை புத்தகங்களிலும் அதற்கு ஒரு வரி பதில் அகப்படாது.

தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியில் தொங்கும் அட்டைகளைப் பாருங்கள். எந்தத் துளையில் எந்த இழை மேலெழ வேண்டும் என்பது அவற்றில் முன்கூட்டியே குத்தப்பட்டிருப்பதால், அந்தப் பூவை வரைந்தவர் காலமாகி எத்தனையோ வருஷம் ஆனபின்னும், அட்டைக்கோவையை எடுத்து மாட்டினால் அதே மயிலும் அதே மாங்காயும் முந்தானையில் வந்து இறங்கும். வியாபாரத் தீர்மானமும் நமது ஊரில் அவ்விதமே சந்ததிக்குச் சந்ததி இறங்கி வருகிறது. செய்ய வேண்டியது மாத்திரம் வந்து சேர்கிறது, அதைச் செய்வதற்கான ஹேது வந்து சேர்வதில்லை.

இது அற்ப விஷயமன்று. பாவு ஒன்றைத் தறியில் ஏற்றிவிட்டால் அது நெய்து தீரும்வரை உடலின் நிறத்தை மாற்ற இயலாது. ஆகவே தை மாதத்து முகூர்த்தங்களில் மணப்பெண்கள் எந்த நிறத்தை விரும்புவார்கள் என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே அனுமானித்தாக வேண்டும். வெள்ளியின் விலை ஏறினால் ஜரிகையின் விலை ஏறும். செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் பூசிய ஹாஃப் ஃபைன் ஜரிகைக்கு இறங்குவதா, அசலையே வைத்துக்கொண்டு லாபத்தைக் குறைத்துக்கொள்வதா என்ற தர்மசங்கடம் அப்போது எழும். 1985ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், தொடக்கத்தில் 22 ரகங்களையும் இப்போது 11 ரகங்களையும் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. அவற்றில் புடவையும் ஒன்று. 1993இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்திய பிறகும், விசைத்தறியின் நிழல் கைத்தறிக்காரரின் ஒவ்வொரு முடிவின் மீதும் விழுந்துகொண்டேயிருக்கிறது. இத்தனை சக்திகளுக்கு நடுவே ஒருவர் எடுக்கும் முடிவு, அந்தச் சந்தர்ப்பத்தில் அவர் அறிந்திருந்தது எது, அறியாதிருந்தது எது என்பதோடு சேர்ந்தால்தான் அர்த்தப்படும்.

வியாபாரக் காரணங்களை முறையாக எழுதிவைத்தவர்கள் இந்நாட்டில் இருந்திருக்கிறார்கள். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கவுன்சில் கூடும்போதெல்லாம் எழுதிவந்த ஆலோசனைப் புத்தகங்கள் 1670களிலிருந்து கிடைக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகம் அவற்றை வரிசையாக அச்சிட்டும் இருக்கிறது. என்ன துணி, யாரிடம், என்ன விலைக்கு என்பதோடு, அப்படி ஏன் தீர்மானித்தார்கள் என்பதும், இணங்காத அங்கத்தினரின் ஆட்சேபமும் அவற்றில் பதிவாயின. கவர்னர் மார்ட்டன் பிட் 1734இல், கூவத்தின் வளைவில், முன்னர் தலைமை வர்த்தகராயிருந்த சுங்குராமரின் தோட்டத்தில் சிந்தாதிரிப்பேட்டையை ஏற்படுத்தி, நூற்போரும் நெய்வோரும் சாயமிடுவோரும் அவர்களைச் சார்ந்தோருமே அங்கே குடியேறலாம் என்று விதித்த காரியத்தின் பின்னணியை இன்று நாம் அறிவது அத்தகைய ஏடுகளால்தான். நெசவாளியை வருத்திப் பொருள் சேர்த்த அக்கம்பெனியின் நடத்தையில் புகழ்வதற்கு ஒன்றுமில்லை. அவர்களுடைய காரணங்களில் பல, தங்களைக் காத்துக்கொள்வதற்காக எழுதிய சமாதானங்கள் என்பதும் வாசிப்போருக்குப் புலப்படும். எனினும் அவர்களுக்கு அந்தப் பழக்கம் ஏன் வந்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும். கேள்வி கேட்கும் எஜமானர்கள் கடலுக்கு அப்பால் லண்டனில் இருந்தார்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். நேரில் விளக்க முடியாதவன் எழுதித்தான் ஆக வேண்டும்.

கேட்பார் யாருமின்றித் தாமாகவே எழுதிய ஒருவரும் உண்டு. ஆரணிக்கு அருகே 1751 டிசம்பரில் கிளைவின் படையும் பிரெஞ்சுக்காரரைச் சேர்ந்த ரஸா சாகிபின் படையும் மோதிய அந்நாட்களில், புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் தாம் மறையும் வரையில், கப்பல் வரவையும் சரக்கின் நிலவரத்தையும், துரையிடம் தாம் சொன்ன யோசனையையும் அதற்கு அவர் சொன்ன மறுமொழியையும் தமிழில் எழுதிவைத்தார். நமது மொழியில் ஒரு வர்த்தகர் தம் மனத்தின் போக்கை எழுத முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

நம் காலத்துக் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தீர்மானப் புத்தகம் இல்லாத சங்கமே கிடையாது. ஆயினும் அதில் நாம் காண்பது, “விவாதித்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்ற அச்சில் வார்த்தது போன்ற வாக்கியமே. யார் என்ன பேசினார், எந்த மாற்று யோசனை தள்ளப்பட்டது, எதை நம்பித் தள்ளப்பட்டது என்ற விவரமெல்லாம் அந்த “விவாதித்து” என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகிறது. தணிக்கைக்கு அது போதும். அடுத்த நிர்வாகக் குழுவுக்குப் போதாது.

பெரியவர் உயிரோடிருக்கையில் கேட்டுக்கொள்ளலாமே என்பார்கள். “ஏம்பா, அந்த வருஷம் ரெட்டைப்பேட்டுப் புடவை வேணாம்னு சொன்னீங்க?” என்று மகன் கேட்டால், “அப்ப ஓடாதுன்னு எனக்குத் தெரியும்டா” என்று தந்தை பதில் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. பலன் தெரிந்த பிறகு, அந்தப் பலனையே முன்பும் அறிந்திருந்ததாக நினைவு தன்னைத் திருத்திக்கொள்கிறது. அன்று இரவு அவரைத் தூங்கவிடாதிருந்த சந்தேகமெல்லாம் அழிந்துபோகிறது. அதனால்தான் முடிவெடுத்த அன்றைக்கே, பலன் தெரியுமுன்பே எழுத வேண்டும் என்கிறேன்.

எழுதுவதற்கு ஒரு பக்கம் போதும். “இந்த ஆடியில் கட்டம் போட்ட புடவைக்குத் தறிகளில் பாதியை ஒதுக்குகிறோம், வெள்ளி விலை இறங்காது என்று நம்புகிறோம், கனப் புடவை வேண்டாமென்பதற்குக் காரணம், கடைக்காரர்கள் சென்ற தீபாவளிச் சரக்கையே இன்னும் வைத்திருப்பது, தம்பிக்கு இதில் சம்மதமில்லை, பள்ளிக்கூட ஆசிரியைகள் கேட்பது வேறு என்கிறான், கார்த்திகைக்குள் பாதிச் சரக்கு நகராவிட்டால் மாற்றிக்கொள்வோம்” என்று ஒருவர் எழுதிவைத்தால், பத்து வருஷம் கழித்துப் பேரன் அதைப் படித்து, வெள்ளியைப் பற்றிய நம்பிக்கை தவறியதா, தம்பியின் வார்த்தை பலித்ததா என்று பிரித்தறிந்துகொள்வான். தாத்தாவின் முடிவை அப்படியே பின்பற்றவோ அடியோடு தள்ளவோ அவனுக்கு அவசியமிராது. எந்த நிலைமைக்காக அம்முடிவு பிறந்ததோ அந்த நிலைமை இன்னும் நீடிக்கிறதா என்று மாத்திரம் பார்ப்பான். கம்பெனிக்காரருக்கு லண்டன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நமக்குப் பேரன் இருக்கிறான். தம்பியின் ஆட்சேபத்தை எழுதத் தயங்கும் குடும்பங்களே அதிகம் என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தப் பக்கத்திலேயே மிகவும் பயன்படக்கூடிய வரி அதுதான்.

ஆரணியிலும் சேவூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள ஜவுளி வீட்டார் போகிக்குப் பழைய புத்தகங்களைக் கழிக்குமுன், ஓரங்களில் பென்சிலால் கிறுக்கிய குறிப்புகளையும் கடிதக் கட்டுகளையும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் சொல்லும் ஒரே ஒரு வரி அகப்பட்டாலும், அதைத் தேதியோடு பிரதி எடுத்து, இப்போது கடையில் உட்காரும் பிள்ளையின் கையில் கொடுங்கள்.