சர்வரை நிறுத்தாமலே சரிசெய்யலாம்

கொல்லிமலையின் 14 நாடுகளுக்கும் வட்ட அலுவலகம் செம்மேட்டில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, ஊரக வேலைத் திட்டக் கூலி என்று அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் அரசிடம் பெறவேண்டியது எதுவானாலும் இன்று ஏதோ ஒரு கணினி மையத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. அந்த மையம் மலையில் இல்லை. மாநிலத் தலைநகரிலோ அதற்கும் அப்பாலோ இருக்கிறது. உள்ளடங்கிய சிற்றூர் ஒன்றிலிருந்து செம்மேட்டுக்கு வந்துசேர்வதே பாதி நாள் வேலை. நாமக்கல் வரை போகவேண்டுமானால் காரவள்ளி அடிவாரத்துக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். அப்படி வந்தவரிடம் “சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிட்டால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான். இந்தப் பதிலை யாராலும் மாற்ற முடியாத ஒன்றாக நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் சர்வர் நிற்பதில் இரண்டு வகை உண்டு. தானாகப் பழுதாகி நிற்பது ஒன்று. பராமரிப்புக்காக நாமே நிறுத்துவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையைப் பெரும்பாலும் ஒழித்துவிட முடியும். அதற்கான வழி மெயின்ஃபிரேம் உலகில் நன்கு பழகிய ஒன்று. இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸை நிறுத்தாமல், ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு நகர்த்துவதே அந்த வழி.

மெயின்ஃபிரேம் என்பது வங்கி, காப்பீடு, விமானப் பயணம் போன்ற துறைகளில் பெரும் எண்ணிக்கையிலான கணக்குகளை இடைவிடாமல் கையாள்வதற்கென்றே கட்டப்பட்ட பெரிய கணினி. தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 இயந்திரம் 1973-லேயே நிறுவப்பட்டது. இவ்வளவு பெரிய இயந்திரத்தை ஒரே வேலைக்கு விட்டால் வீண் என்பதால், அதைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டும் உத்தியைப் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். 1972-ல் வந்த விஎம்/370 என்ற மென்பொருள், ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்கியது. 1988-ல் 3090 வரிசை இயந்திரங்களில் இந்தப் பிரிவினை வன்பொருளோடு சேர்ந்த ஏற்பாடாகவே வந்தது. ‘எல்பார்’ எனப்படும் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி நினைவகம், தனி இயங்குதளம். ஒன்றில் நடப்பது மற்றொன்றைப் பாதிக்காது. பிறகு லினக்ஸ் உள்ளே வந்தது. தன்னார்வலர்கள் ‘பிக்ஃபுட்’ என்ற பெயரில் அதை மெயின்ஃபிரேமுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தபோதே, ஜெர்மனியில் உள்ள ஐபிஎம்மின் போப்லிங்கன் ஆய்வகமும் தனியே அதே வேலையைச் செய்து, 1999 டிசம்பரில் நிரல்களை வெளியிட்டது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், தன் இயந்திரத்துக்கேற்ப மாற்றலாம் என்ற உரிமத்தில் லினக்ஸ் இருந்ததால்தான் இரு தரப்பும் எவரிடமும் அனுமதி கேட்காமல் இதில் இறங்க முடிந்தது. அடுத்த ஆண்டிலேயே ஒரே மெயின்ஃபிரேமில் 41,400 லினக்ஸ்களை இயக்கிக் காட்டிய சோதனையும் நடந்தது.

ஒரு பிரிவில் இருக்கும் லினக்ஸை இன்னொரு பிரிவுக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது பழைய வழி. இங்கே நிறுத்திவிட்டு, அதே டிஸ்க்கைப் புதிய பிரிவுக்குத் தெரியும்படி இணைத்து, அங்கே மறுபடி துவக்குவது. இதில் தரவு எங்கும் நகர்வதில்லை. டிஸ்க் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைப் பார்க்கும் பிரிவு மட்டும் மாறுகிறது. ஆனால் நிறுத்துவதற்கும் துவக்குவதற்கும் இடையில் சேவை இல்லை. இரண்டாவது வழியை, ஐபிஎம்மின் மெய்நிகர் கணினி மென்பொருளான இசட்/விஎம்மின் 2011 டிசம்பரில் வந்த 6.2 பதிப்பு கொண்டுவந்தது. அந்தப் பதிப்பில் நான்கு பிரிவுகள் வரை ஒரே குழுவாகச் சேர்ந்து டிஸ்க்குகளையும் வலையமைப்பையும் பகிர்ந்துகொள்ள முடிந்தது. அந்தப் பிரிவுகள் ஒரே இயந்திரத்தில் இருக்கலாம், தனித்தனி இயந்திரங்களிலும் இருக்கலாம். இசட்/விஎம்மின் மேல் ஓடும் லினக்ஸை நகர்த்தச் சொன்னதும், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நினைவகம் பக்கம் பக்கமாக அடுத்த பிரிவுக்கு நகலாகிறது. நகலெடுக்கும் நேரத்தில் சில பக்கங்கள் மாறியிருக்கும். அவற்றை மட்டும் மறுபடி அனுப்புகிறார்கள். சுற்றுக்குச் சுற்று மிச்சம் குறைகிறது. மிச்சம் போதுமான அளவு சிறியதானதும் லினக்ஸை ஒரு கணம் நிறுத்தி, கடைசிப் பக்கங்களையும் செயலியின் அப்போதைய நிலையையும் சேர்த்து அனுப்பி, புதிய இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்கிறார்கள். வலையமைப்பு முகவரி மாறுவதில்லை. மறுமுனையில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. காலியான பழைய இயந்திரத்தைப் பிரித்துப் பாகம் மாற்றலாம், மென்பொருளைப் புதுப்பிக்கலாம். முடிந்ததும் லினக்ஸைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

இது நினைத்தவுடன் நடப்பதில்லை. போகிற இடத்தில் போதிய நினைவகம் வேண்டும். பழைய பிரிவுக்குத் தெரிந்த டிஸ்க்குகளும் வலையமைப்பும் புதிய பிரிவுக்கும் தெரிய வேண்டும். இரண்டு இயந்திரங்களும் வெவ்வேறு தலைமுறை என்றால் இரண்டுக்கும் பொதுவான செயலி வசதிகளை மட்டுமே லினக்ஸ் பயன்படுத்துமாறு முன்கூட்டியே வரம்பிட வேண்டும். இல்லையென்றால் போன இடத்தில் இல்லாத கட்டளையைத் தேடி அது விழுந்துவிடும். அதனால்தான் நகர்த்தும் முன் வெறுமனே சோதித்துப் பார்க்கும் கட்டளை ஒன்றும் தரப்பட்டிருக்கிறது. பொருந்தாதது எது என்பதை அது முன்பே சொல்லிவிடும். இவை எல்லாம் தொடக்கத்தில், கணினி மையத்தைத் திட்டமிடும்போதே பார்க்கவேண்டியவை. ஓடத் தொடங்கிய பிறகு ஒட்டவைப்பது கடினம். எனவே சேவை நிற்குமா நிற்காதா என்பது, பழுது வரும் நாளுக்கு வெகு முன்பே, ஒப்பந்தம் எழுதும் மேசையில் முடிவாகிவிடுகிறது.

மெயின்ஃபிரேமின் விலை என்ன, மாநில அரசு அதற்கு எங்கே போகும் என்று கேட்பது நியாயமே. அதை வாங்க வேண்டும் என்பது இங்கே வாதமல்ல. அங்கே கிடைத்த வசதி, சாதாரண சர்வர்களிலும் நெடுநாளாக இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸென் என்ற திறமூல மென்பொருளில் இதே முறையைச் செய்துகாட்டிய ஆய்வுக்கட்டுரை 2005-ல் வந்தது. பலர் ஒரே நேரத்தில் விளையாடிக்கொண்டிருந்த குவேக் 3 விளையாட்டின் சர்வரை அவர்கள் ஓட்டத்திலேயே நகர்த்தியபோது, அது நின்றது 60 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினேழில் ஒரு பங்கு. 2007-ல் கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி லினக்ஸின் கருவிலேயே சேர்ந்தது. அதற்குத் தனி உரிமக் கட்டணம் இல்லை. ஆக, செலவு என்பது இங்கே கூடுதலாக ஒரு சர்வரையும் பொதுவான டிஸ்க் அமைப்பையும் வைத்திருப்பதுதான். அந்தச் செலவை அரசு ஏற்காவிட்டால் அது மறைந்துவிடுவதில்லை. சேவையைத் தேடி வந்து திரும்பிப் போகிறவர்களின் கூலியாகச் சிறுகச் சிறுகக் கழிகிறது. அரசுக் கணக்கில் வராததால் மட்டுமே அது செலவாகத் தெரிவதில்லை.

பராமரிப்பை நள்ளிரவில்தானே செய்கிறார்கள், அந்த நேரத்தில் யார் சான்றிதழ் கேட்டு வரப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. நள்ளிரவில் செய்வதாலேயே வேறொரு கேடு வருகிறது. நிறுத்தினால்தான் திருத்த முடியும் என்ற நிலையில், பொறுப்பில் இருப்பவர் திருத்தத்தைத் தள்ளிப்போடுவார். அடுத்த வாரம், தேர்வு முடிவுக்குப் பிறகு, நிதியாண்டு முடிந்த பிறகு என்று நாள் போகும்; பாதுகாப்பு ஓட்டை அதுவரை திறந்தே கிடக்கும். எல்லாத் திருத்தமும் நாள் பார்த்து வருவதும் இல்லை. 2014 செப்டம்பரில் ஸென் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தபோது, அமேசான் தன் மேகக்கணினிகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை அவசரமாக நிறுத்தித் துவக்க வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்ற செயலிக் குறைகள் வெளியானபோது, கூகுள் தன் மேகக்கணினிச் சேவையின் அடித்தளத்தை, அதில் ஓடிய வாடிக்கையாளர் கணினிகளை நகர்த்தி நகர்த்தியே ஏற்கெனவே திருத்தி முடித்திருந்தது. தம் கணினிக்குக் கீழே இயந்திரம் மாறியதற்காக அந்த வாடிக்கையாளர்கள் எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டுமே பெரிய நிறுவனங்கள். பணத்துக்கோ ஆளுக்கோ குறைவில்லாதவை. நகர்த்தும் ஏற்பாட்டை முன்பே கட்டிவைத்தது எது என்பதில்தான் வேறுபாடு. திருத்தத்துக்கு நிறுத்தம் தேவையில்லை என்றானால், ஓட்டை தெரிந்த அன்றே, பட்டப்பகலில் அதை அடைக்கலாம்.

இதில் திறமூலம் எதற்கு, மூடிய மென்பொருளிலும் இந்த வசதி கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. இசட்/விஎம்மும்கூட ஐபிஎம்மின் சொந்த மென்பொருள்தான். ஆனால் ஒரு நிறுவனத்தின் இயந்திரங்களுக்குள் மட்டும் நகர முடிவதும், அந்த நிறுவனத்தை விட்டே நகர முடிவதும் ஒன்றல்ல. இரண்டாவது சுதந்திரத்தின் விலை இந்தியாவுக்குத் தெரியும். அந்நியச் செலாவணிச் சட்டம் தொடர்பான பிணக்கில் 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் இயந்திரங்களை நம்பியிருந்த நிறுவனங்களைக் காக்க, 1975-ல் அரசு தொடங்கியிருந்த சிஎம்சி நிறுவனம் அந்த இயந்திரங்களின் பராமரிப்பை ஏற்க வேண்டியிருந்தது. இதே பாடம் கொல்லிமலையின் வயல்களிலும் இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியது. அது பணம் தந்தது. கூடவே உழவரை ஆலை சொல்லும் விலையோடு கட்டியும் போட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து விதை வங்கிகளை அமைத்தது, வேண்டும்போது திரும்பிப் பயிரிட விதை அவர்கள் கையிலேயே இருக்கட்டும் என்றுதான். மென்பொருளில் அந்த விதை மூல நிரல். மெயின்ஃபிரேமில் ஓடும் லினக்ஸும் சாதாரண சர்வரில் ஓடும் லினக்ஸும் ஒரே மூல நிரலில் இருந்து அந்தந்தச் செயலிக்கேற்ப உருவானவை. அதனால் லினக்ஸுக்கென எழுதிய பயன்பாட்டை, சற்று உழைத்தால், இன்னொரு செயலிக்கோ இன்னொரு விற்பனையாளரின் மேடைக்கோ கொண்டுபோகலாம். அந்த மாற்றம் ஓட்டத்திலேயே நடக்காது, ஆனால் நடக்கும். அது முடியும் என்பதே பேரம் பேசும்போது அரசின் பலம்.

தமிழ்நாடு இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கிறது. 2000-களின் பிற்பகுதியில், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, மாநில அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸின் முதல் பதிப்பு 2007-ல் வந்தது. அரசு மென்பொருள்களில் திறமூலத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2015-ல் அறிவித்தது. ஆனால் இந்த முயற்சிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மேசைக் கணினியோடும் உரிமக் கட்டணச் சேமிப்போடும் நின்றுபோனது. திறமூலத்தின் பெரிய பயன் சர்வர் அறையில், சேவை நிற்காமல் ஓடுவதில் இருக்கிறது. அதற்கு ஆள் கிடைக்காது என்ற பேச்சுக்கும் இடமில்லை. அயல்நாட்டு வங்கிகளின் மெயின்ஃபிரேம்களைச் சென்னையில் அமர்ந்தபடியே பராமரிக்கும் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக இங்கே இருக்கிறார்கள். வேறு நாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு நிமிடம் சேவை நின்றாலும் பதில் சொல்லும் திறமை, நம் சொந்த வட்ட அலுவலகத்துக்கும் உரியதே.

இந்த முறையால் தீராதவையும் உண்டு. அவற்றை மறைத்து வாதிடக் கூடாது. மலையில் மின்சாரம் போனாலோ, மழைக்கு மரம் விழுந்து கம்பிவடம் அறுந்தாலோ, சென்னையில் சர்வர் எவ்வளவு நன்றாக ஓடினாலும் செம்மேட்டில் திரை இருண்டுதான் இருக்கும். திடீரென்று செத்துப்போன இயந்திரத்திலிருந்து எதையும் நகர்த்தவும் முடியாது. உயிரோடு இருப்பதைத்தான் நகர்த்தலாம். அப்படிப்பட்ட பழுதைச் சமாளிக்க வேறு ஊரில், வேறு டிஸ்க்கில் எந்நேரமும் மறுபிரதி வேண்டும். நகரும் நினைவகத்தில் மக்களின் சொந்தத் தகவல்கள் இருப்பதால், அது போகும் வழி தனியாகவோ மறையாக்கம் செய்யப்பட்டோ இருக்க வேண்டும். ஆனால் மின்சாரமும் கம்பிவடமும் மலைமக்களை அடிக்கடி கைவிடுகின்றன என்பது, தவிர்க்கக்கூடிய மூன்றாவது தடங்கலையும் சேர்த்து அவர்கள் மேல் சுமத்துவதற்குக் காரணமாகாது. தடைகள் மிகுந்த இடத்தில்தான், நம் கையில் இருக்கும் தடையை முதலில் நீக்க வேண்டும்.

செய்யவேண்டியது சிக்கலானதல்ல. பொதுமக்கள் சேவைக்கான கணினி ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். திட்டமிட்ட பராமரிப்புக்காகச் சேவை நிற்கக் கூடாது. ஓடும் இயங்குதளத்தை வேறு வன்பொருளுக்கு நகர்த்துவதை ஆண்டுக்கு ஒருமுறையாவது, உண்மையான வேலை நேரத்தில், செய்துகாட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் முழு அமைப்பையும் இன்னொரு மேடையில் எழுப்ப முடியும் என்பதை முன்கூட்டியே மெய்ப்பிக்க வேண்டும். சேவை எத்தனை மணி நேரம் நின்றது, எதனால் நின்றது, திட்டமிட்டதா பழுதா என்ற கணக்கு மாதந்தோறும் பொதுவில் வர வேண்டும். அப்போது “சர்வர் வேலை செய்யல” என்ற பதிலுக்குப் பின்னால் இருப்பது தற்செயலா, யாரோ எடுத்த முடிவா என்பது எல்லோருக்கும் தெரியும். அது முடிவாக இருந்தால், அதை மாற்றும்படி கேட்கும் உரிமை அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பிய ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.