உளுந்து வடையும் ரெட்டைக்குழல் துப்பாக்கியும்

தீபாவளிக்கு ஓலைவெடி வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற ஆசாமி நான். ஆபீஸ் வேலையாக ஆறு மாசம் பர்மிங்ஹாம் போன இடத்தில், என்னைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு இழுத்துப் போனார் வீட்டுக்காரப் பெரியவர்.

அவருடையது 12 போர் ரெட்டைக்குழல். அதென்ன 12? குழலுக்குப் பொருந்துகிற ஈயக்குண்டு 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு! தோட்டா கிடையாது. குழல் வாய் வழியாகக் கரிமருந்து, தக்கை, ரவை (உப்புமா ரவை இல்லை ஸார், ஈய ரவை!), மேலே ஒரு மெல்லிய அட்டை என்று நாமே கெட்டிக்க வேண்டும்.

"மருந்து ஜாஸ்தி போட்டா ஜோரா சுடும், இல்லையா?" என்றேன் மேதாவியாக.

பெரியவர் சிரித்தார். 40 கஜ தூரத்தில் பெரிய காகிதம் மாட்டி, குழல் தாங்குகிற அளவுக்குள் மருந்தைக் கூட்டிச் சுட்டார். போய்ப் பார்த்தால், சுற்றிலும் ஓட்டைகள், நடுவில் காலி. அசல் உளுந்து வடை! பின்னாலிருந்து வாயு, தக்கையை ரவைக் கூட்டத்துக்குள் முட்டித் தள்ளிக் கலைத்துவிடுகிறதாம்.

அடுத்து, ஒரே அளவுக் கிண்ணத்தால் மருந்து ஒன்று, ரவை ஒன்று. 30 அங்குல வட்டம் போட்டு எண்ணினோம். ரவை சீராகப் பரவியிருந்தது!

"ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டையும் மாத்தினா, எதனால சரியாச்சுன்னே தெரியாது" என்றார்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். வலது குழல் சுட்டாச்சு; இடதில் கெட்டித்தது அப்படியே. இடதின் கேப்பைக் கழற்றி வைத்துவிட்டு மருந்தை எடுத்தார். நான் சும்மா இருக்காமல் மெட்ராஸ் வெயிலைப் பற்றி அளக்க, பேச்சு சுவாரஸ்யத்தில் ஊற்றியவர் சட்டென்று நின்றார். "எந்தக் குழல்ல போட்டேன்?"

திணிக்கும் கோலில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று காலிக் குழலுக்கு, ஒன்று கெட்டித்த குழலுக்கு. வலதில் விட்டார்: காலி. இடதில் விட்டார்: கோல் இரண்டாவது கோட்டையும் தாண்டி மேலே நின்றது! இன்னொரு தக்கையும் ரவையும் இறங்கியிருந்தால் இரட்டை லோடு. குழல் வெடித்தால் போவது இடது கை.

துப்பாக்கியைக் கவிழ்த்து, மேலே கிடந்த மருந்தைக் கொட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. பர்மிங்ஹாமில் 1813-லேயே சட்டம் போட்டு அமைத்த சோதனை நிலையம் இருக்கிறது. அளவுக்கு மீறி மருந்து வைத்துச் சுட்டு, தாங்கினால்தான் முத்திரை.

"முத்திரை குத்தின குழல்தானே?" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"குழலுக்கு முத்திரை இருக்கு. என் ஞாபகத்துக்கு யார் குத்தினா?" என்றவர், "இன்னிக்குப் போதும்" என்று எழுந்துவிட்டார்.

இப்போதெல்லாம் நான் கணக்குப் போடும்போது மானேஜரே பேச்சுக் கொடுத்தாலும் சரி, "ஒரு நிமிஷம் ஸார்" என்று முதல் வரியிலிருந்து திரும்பக் கூட்டுகிறேன். முறைக்கிறார். முறைக்கட்டும்!