பால் குடிக்காத பால் பைத்தான்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நம் ஊர்ச் சகோதரிகள் யாரும் பிள்ளைக்குப் பாம்பு தேடிக் கிளம்ப வேண்டாம். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் எழுதுவது அமெரிக்காவில், டல்லாஸ் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வந்த பாம்பைப் பற்றி. இங்கே நாய், பூனை மாதிரி பாம்பையும் கடையில் விற்கிறார்கள். எல்லா மாநிலத்திலும் ஒரே சட்டம் இல்லை. ஹவாயில் பாம்பு வளர்க்கவே தடை. ஆகவே வாங்குமுன் விசாரிப்பது முதல் காரியம்.

என் பையன் ஒரு வருஷம் காசு சேர்த்து வாங்கியது 'பால் பைத்தான்'. பால் என்றால் பசும்பால் இல்லை, பந்து! பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். விஷம் கிடையாது. வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் நாடுகளில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் வாழ்கிறது. பெனினில் வீடா என்ற ஊரில் இதற்குக் கோயிலே இருக்கிறது என்று கேட்டதும் என் மாமியாருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று கேட்டு வாங்குவது ரொம்ப முக்கியம். வளர்ப்பில் பிறந்ததற்கு உண்ணியும் வியாதியும் குறைவு, சீக்கிரம் பழகும். இருபது, முப்பது வருஷம் உயிரோடிருக்கும். பையன் கல்லூரிக்குப் போனபின் யார் பார்ப்பது என்ற பேச்சும் எங்கள் வீட்டில் நடந்தது!

பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் வீடு தயார். கண்ணாடித் தொட்டி, பூட்டுகிற மூடி. இது இண்டு இடுக்கில் எல்லாம் நுழைந்து தப்பிவிடும். ஒரு ஓரம் 31 முதல் 33 டிகிரி, மறு ஓரம் 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேட். பாம்புக்கு உடம்புச் சூடு தானாக வராது. இங்கும் அங்கும் நகர்ந்துதான் சரிசெய்துகொள்ளும். சூடு தரும் கருவிக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் வயிறு வெந்து புண்ணாகும். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பொந்து, உடம்பு உரசும் அளவுக்குச் சின்னதாக. பெரிய பொந்து வைத்தால் அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றாது. கீழே பரப்ப நம் தென்னைநார்த் தூளேதான்! ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு கனமான கிண்ணத்தில் தண்ணீர்.

கஷ்டமான பாகம் இனிமேல்தான். வந்த பாம்பை ஒரு வாரம் தொடவே கூடாது. தண்ணீர் மாற்றுவதோடு சரி. ஊர், வாசனை, வெளிச்சம் எல்லாம் மாறிவிட்ட ஜீவனுக்கு நம் கொஞ்சலும் ஒரு தொந்தரவுதான். அந்த வாரம் உணவும் கிடையாது. "வீட்டுக்கு வந்த ஜீவனைப் பட்டினி போடலாமா, ஏம்மா? கொஞ்சம் பாலாவது வையேன்" என்றார் மாமியார். பாம்புக்குப் பால் ஜீரணமாகாது என்று விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசு கேட்கவில்லை. சாப்பிடாத பிள்ளையின் பின்னால் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிப் பழகியவர்கள் நாம்!

எட்டாம் நாள் இரவு எலிக்குஞ்சு காட்டினான். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாளே மறுபடி நீட்டினால் மிரட்சிதான் அதிகமாகும். ஒரு வாரம் பொறுக்கணும். பதினைந்தாம் நாளும் வேண்டாம் என்றுவிட்டது. அந்த வகைப் பாம்புக்கு இது சகஜம். வளர்ந்தவை மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாமல் இருக்கும். குட்டிக்கு மட்டும் எடையைக் கவனிக்க வேண்டும். எங்கள் குட்டி வந்தபோது 140 கிராம், மூன்றாம் வாரம் 136. பையன் அழாத குறை. எடை கணிசமாக இறங்கினாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, வாயில் கோழை தெரிந்தாலோ உடனே ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். நாமாக வாயைத் திறந்து திணிக்கவே கூடாது.

இதற்கிடையில் தொட்டியை டெலிவிஷன் பக்கத்திலிருந்து நகர்த்தினோம். அதிர்வு பாம்புக்கு ஆகாது. மூன்று பக்கக் கண்ணாடியையும் கறுப்புக் காகிதம் ஒட்டி மறைத்தோம். முன்பு என்ன கொடுத்தார்கள் என்று கடையில் விசாரித்தான். உறைந்த சுண்டெலிதான், ஆனால் நன்றாகச் சுடச் சூடேற்றி!

சைவச் சமையல் நடக்கும் வீட்டில் எலியை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் பழைய குட்டிப் பிரிஜ் ஒன்று அதற்கென்றே. சைவமோ அசைவமோ, நாம் சாப்பிடும் உணவோடு எலியை வைக்கக் கூடாது. உறைந்த எலியிலும் பாம்பின் மேலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் 65 வயது தாண்டியவர்களும் பாம்பைத் தொடாமலிருப்பது நல்லது. எழுபத்திரண்டு வயது மாமியார் தூர இருந்து பார்ப்பதோடு சரி. தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவ நான் விடுவதில்லை. தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டு மேஜைக்கு வரக் கூடாது.

இருபத்திரண்டாம் நாள் இரவு, பிரிஜ்ஜில் இளகிய எலியைப் பையோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, நீள இடுக்கியால் நீட்டினான். மைக்ரோவேவ் உதவாது, உள்ளே வெந்து வெடித்துவிடும். விளக்கை அணைத்துவிட்டு அசையாமல் நின்றோம். ஐந்து நிமிஷம் இருக்கும். சடக்கென்று பிடித்துச் சுருட்டிக்கொண்டது! "சாப்பிட்டுடுச்சாம்மா?" என்று கூடத்திலிருந்து மாமியார் குரல்.

சாப்பிட்டபின் இரண்டு நாள் தூக்கக் கூடாது, கக்கிவிடும். பிறகு ஐந்து, பத்து நிமிஷம் கையில் வைத்துப் பழக்கினான். மேலிருந்து தலையைப் பிடிக்காமல், பக்கவாட்டில் கையை நுழைத்து உடம்பைத் தாங்கித் தூக்க வேண்டும். கண் நீலம் பூத்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். பார்வை மங்கியிருப்பதால் அப்போது மிரளும், சாப்பாடும் வேண்டாமென்னும். அந்த நாட்களில் தண்ணீர் தெளித்து ஈரம் கூட்டிவிட்டுத் தொடாமல் விட்டால் சட்டை முழுசாகக் கழலும். துண்டு துண்டாக வந்தால் ஈரம் போதவில்லை. கண்ணின் மேல் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் உரிக்காமல் வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும்.