நடுகல்லும் அதன் காவலும்

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரை அடுத்த அன்னவாசல், சித்தன்னவாசல் ஆகிய ஊர்ப்புறங்களில் கற்கள் வட்டமாகப் பதிந்து கிடக்கும் இடங்கள் உள. அவை பெருங்கற்கால மக்கள் தம் முன்னோரைப் புதைத்த இடங்களாம். இறந்தவரை மறவாதிருக்கக் கல்லைத் துணைக்கொள்ளும் வழக்கம் இப்பகுதிக்கு எவ்வளவு பழையது என்பதை அவை காட்டுகின்றன. பிற்காலத்தில், போரில் பட்ட வீரனுக்குத் தனியே கல் நாட்டும் வழக்கம் ஓங்கியது. அக்கல்லை நடுகல் என்பர். ஆநிரைப் பூசலில் உயிர் துறந்த ஒருவனுக்கு எடுத்த, தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகல் ஒன்று புதுக்கோட்டை நகரை அடுத்த பொற்பனைக்கோட்டையில் கிடைத்துள்ளது.

நடுகல் எடுத்தலைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கின்றது. தக்க கல்லைக் காண்பது காட்சி; அதனைக் கொள்வது கால்கோள்; நீராட்டுவது நீர்ப்படை; நாட்டுவது நடுகல்; சிறப்புச் செய்வது பெரும்படை; இறுதி நிலை வாழ்த்து. கல்லை நாட்டிய பின்னரும் இரண்டு நிலைகள் எஞ்சியிருத்தலை நோக்குக. மாண்டவனுடைய சுற்றத்தார்க்கு நிலம் விடுவதும் உண்டு. அந்நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்று கூறுகின்றன. அந்நிலத்தை உழுது உண்பவர் அவனது கல்லையும் மறவார் அல்லரோ! ஆனால் குடி பெயர்ந்தாலோ, வழி அற்றாலோ கல்லின் நிலை இரங்கத்தக்கதே. துணி துவைக்கும் கல்லாகவும் வரப்புக் கல்லாகவும் நெடுநாள் கிடந்து, ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டு மீண்ட நடுகற்கள் தமிழ்நாட்டில் பல.

இக்காலப் பெரும்போர்களில் இத்தொல்லை பன்மடங்கு பெருகிற்று. மாண்ட வீரன் ஒரு நாட்டிலும் அவன் சுற்றம் கடல் கடந்த வேறொரு நாட்டிலும் இருந்தால், கல்லறையைக் காப்பவர் யாவர்? 1914-இல் பிரான்சில் செஞ்சிலுவைப் பிரிவொன்றை நடத்திய பேபியன் வேர் என்பவர், வீரரைப் புதைத்த இடங்களைக் குறித்துவைப்பார் ஒருவரும் இல்லாமை கண்டு வருந்தினார். தம் குழுவினரைக்கொண்டே அவற்றைப் பதிவு செய்யத் தொடங்கினார். அம்முயற்சியின் பயனாக 1917 மே 21-இல் அரச பட்டயம் பெற்ற போர்க் கல்லறை ஆணையம் ஒன்று தோன்றியது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்பது அதன் இன்றைய பெயர். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய ஆறு நாடுகளும் தத்தம் கல்லறைகளின் தொகைக்கு ஏற்ப அதன் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன.

சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டம் 1952-இல் இவ்வாணையத்தால் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இவர்கள் முதலில் புதைக்கப்பட்டது அங்கே அன்று. இந்தியாவின் தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைகளிலும் படைமுகாம்களின் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்தனர். அவ்விடங்களில் நிலையான பராமரிப்புக்கு உறுதியில்லை என்ற ஒரே காரணத்தால் ஓரிடத்திற்குக் கொணரப்பட்டனர். முதல் உலகப் போரில் இறந்து, கல்லறை பேண இயலாத இடங்களில் கிடக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களும் அத்தோட்டத்தின் நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

பராமரிப்பு எனின் யாது? புல்லை ஒரே மட்டமாக வெட்டுதல், விளிம்பு கட்டுதல், பாசி நீக்குதல், எழுத்துத் தேய்ந்தால் மீண்டும் வெட்டுதல், கல் உடைந்தால் மாற்றுதல் எனப் பணி ஆண்டு முழுதும் ஓயாது. கல்லின் அடியில் குறுஞ்செடிகளை வளர்ப்பது அழகுக்காக மட்டும் அன்று. மழைத்துளி மண்ணில் விழுந்து சேறு தெறித்து எழுத்தை மறைக்காதபடி அச்செடிகள் தடுக்கின்றன. எளிய வேலைதான், ஆயினும் நினைத்துப் பார்த்துச் செய்த வேலை! இவற்றோடு பதிவேட்டைப் பிழையின்றி வைத்தலும் ஒரு பணி. கல் இல்லாதவனுக்கு ஏடுதானே துணை.

தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வகைக் கல் என்பது ஆணையத்தின் அடிப்படை விதி. அவரவர் சமய வழக்கையும் போற்ற வேண்டும் என்று வகுத்தனர். கோகிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. எனினும், விதி எங்கும் ஒன்றாகக் காக்கப்படவில்லை. ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவகத்தில், இந்தியப் படையினருள் அதிகாரிகளின் பெயர்களே பொறிக்கப்பட்டன. ஏனையோர் படைப்பிரிவுதோறும் வெறும் எண்ணிக்கையாக நின்றனர். முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்பதை ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு கழிந்தும் கணக்கைத் திருத்த முற்பட்டது நன்றே.

நம் ஊர்களிலும் இத்தகைய எண்கள் உண்டு. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று எழுதிய கற்பலகைகளைத் தமிழ்நாட்டின் சில ஊர்களில் பழைய கட்டடச் சுவர்களில் காணலாம். சுண்ணாம்புப் பூச்சு பலமுறை ஏறி, எழுத்து மங்கியவை சில. அவற்றில் ஒரு பெயரும் இராது. ஆனால் ஆணையத்தின் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். இந்திய வீரர் பலருடைய பெயரோடு தந்தை பெயரும் பிறந்த ஊரும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஊர்ப்பெயரைக்கொண்டு தேடுவோர்க்கு, கற்பலகையின் எண்ணுக்கு உரிய பெயர்கள் அங்கே கிடைக்கக்கூடும்.