ஏழு நாளில் வெள்ளையாகலாமா?

பெருநாளும் கல்யாணமும் நெருங்கினால் மாணவிகளான எங்களுக்குள் பாடக்குறிப்புகளோடு முகக் கிறீம்களும் கைமாறும். "ஏழு நாளில் வெள்ளையாகலாம்" என்பதே அவற்றின் விளம்பரம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான், இது நடக்கக்கூடியதா என்று தோலின் அமைப்பை வைத்தே பார்க்க விரும்பினேன்.

நமது மேற்றோலின் அடியில் புதிய கலங்கள் உருவாகி, மெல்ல மேலே வந்து, இறந்து உதிர்கின்றன. இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். நிறத்தைத் தரும் மெலனினை உண்டாக்கும் கலங்களும் மேற்றோலின் அடியில்தான் உள்ளன. கறுப்பானவருக்கும் வெள்ளையானவருக்கும் இக்கலங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றே. மெலனினின் அளவும் வகையும்தான் வேறுபடும். வெயிலின் கழியூதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் குடை இந்த மெலனின்.

பேஷியல் செய்யும்போது முகம் கழுவி, ஸ்கிரப் தேய்த்து, ஆவி பிடித்து, மசாஜ் செய்து, மாஸ்க் பூசுகிறார்கள். இறந்த கலங்களும் எண்ணெய்ப் பசையும் நீங்குவதால் சில நாட்களுக்கு முகம் பளிச்சென்றிருக்கும். பிறவி நிறம் மாறாது. அளவுக்கு மீறித் தேய்த்தால் கரும்புள்ளிகளே மிஞ்சும்.

அப்படியானால் சில கிறீம்கள் மட்டும் விரைவாக வெளுக்க வைப்பது எப்படி? சிலவற்றில் இரசம் இருக்கிறது. அது மெலனின் உருவாக உதவும் நொதியத்தைத் தடுக்கிறது. தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கிறது. பூசியவரின் துவாய் வழியாக வீட்டிலுள்ள குழந்தைக்கும் பரவலாம். இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவானது. இலங்கை 2017இல் அதில் இணைந்தது.

வேறு சிலவற்றில் குளோபிட்டசோல், பீட்டாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட்டுகள் உள்ளன. வைத்தியர் சொன்னபடி பாவித்தால் இவை நல்ல மருந்துகள். அழகுக்காக முகத்தில் நீண்டகாலம் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வரும். நிறுத்தினால் இன்னும் மோசமாவதால் பலர் விட முடியாமல் தொடர்கிறார்கள்.

ஆகவே, உள்ளடக்கமும் தயாரிப்பாளர் பெயரும் காலாவதித் திகதியும் இல்லாத கிறீமை வாங்காதீர்கள். "கலோமெல்", "மெர்கியூரிக்" என்ற சொற்களோ, "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பாவிக்கவும்" என்ற குறிப்போ இருந்தால், அதில் இரசம் இருக்கிறது என்று சந்தேகியுங்கள். ஏற்கெனவே பூசுபவர்கள் கிறீம் பெட்டியுடனேயே வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

தேசிக்காய்ச் சாறும் பாதுகாப்பானதல்ல. அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 2. தோலின் மேற்பரப்புக்கோ ஏறத்தாழ 5. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்பட்டுக் கறுக்கலாம்.

தோலுக்குத் தேவையானது கொஞ்சம்தான். நாளுக்கு இரண்டு தடவை மென்மையான சவர்க்காரம் போதும். ஐவேளை வுழூவுக்கும் சவர்க்காரம் போட்டால் தோல் வறண்டுவிடும். வறண்ட தோலுக்கு ஈரப்பதக் கிறீம் பூசலாம். ஹிஜாப் அணிந்தாலும் முகத்தில் வெயில் படுவதால் எஸ்.பி.எஃப். 30 கொண்ட சன்ஸ்கிறீன் நல்லது. புதிதாக எதை வாங்கினாலும் முன்கையின் உட்பக்கத்தில் சிறிதளவு பூசி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் பூசுங்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். "பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறம்தான் கொஞ்சம் குறைவு" என்று வீட்டுக்கு வருபவர்கள் சொல்லும்போது நீங்கள் மௌனமாக இருக்காதீர்கள். அந்த மௌனமும்தான் எங்களைப் பெயரில்லாத கிறீம்களைத் தேடிப் போகவைக்கிறது.