தேள் கொடுக்கு முளைத்த சொற்கள்

ஓவியம் படிக்கும் மாணவி ஒருவர் தஞ்சாவூரிலிருந்து எழுதியிருக்கிறார். சுற்றுலாச் சுவரொட்டி ஒன்றுக்குக் ‘கோண்டு பாணி’யில் படம் வரையச் சொல்லியிருக்கிறார்களாம். மான் வரைந்தாயிற்று, உள்ளே புள்ளியும் வைத்தாயிற்று. புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும், இடையில் கோடு கலக்கலாமா என்று கேட்கிறார்.

எல்லாருக்கும் பொதுவான புள்ளி என்று கோண்டு ஓவியத்தில் ஒன்று கிடையாது. இன்னாருடைய புள்ளி, இன்னாருடைய கோடு என்றுதான் உண்டு.

மத்தியப் பிரதேசத்தின் கோண்டுப் பழங்குடியில் ஒரு பிரிவினரான பர்தான் கோண்டுகள் பரம்பரைப் பாடகர்கள். பானா என்னும் நரம்புக் கருவியை வில்லால் இழைத்தபடி, கோண்டு வீடுகளில் குலக்கதைகளையும் தெய்வக்கதைகளையும் பாடித் தானியம் பெற்று வாழ்ந்தவர்கள். ஆதரித்த குடும்பங்கள் நொடித்துப்போனதும் பாட்டும் ஓய்ந்துவந்தது. 1982-இல் திறக்கப்பட்ட போபால் பாரத் பவனுக்காக ஓவியர் ஜெ. சுவாமிநாதன் ஊர் ஊராக ஆட்களை அனுப்பிக் கலைஞர்களைத் தேடினார். அப்போது பாட்டன்கர் கிராமத்தில் அகப்பட்டவர் ஜன்கர் சிங் ஷ்யாம் என்ற இளைஞர். சுவரில் வரைந்துகொண்டிருந்த அந்தக் கைக்குக் காகிதமும் வண்ணமும் கிடைத்தன. 1989-இல் அவர் ஓவியங்கள் பாரிஸ் வரை போயின. 2001-இல் ஜப்பானில், ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துவந்த காலத்தில் அவர் இறந்தார். நாற்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. போபாலில் அவருடன் இருந்து தொழில் பழகிய உறவினர்கள்தான் இன்று உலகறிந்த கோண்டு ஓவியர்கள் பலர்.

உருவத்தின் உட்பகுதியை நிரப்பும் அந்த நுண்கோலம் ஒவ்வொருவருக்கும் வேறு. ஒருவர் மீன்செதில் அடுக்குவார், ஒருவர் பிறைக்கீற்று போடுவார், இன்னொருவர் சங்கிலி கோப்பார். எங்கள் ஊர்த் திருவிழாவில் சுவாமி புறப்பாடு இரண்டு தெரு தள்ளி வரும்போதே, நாகசுரம் வாசிப்பது யார் என்று என் தாத்தா சொல்லிவிடுவார். ராகம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதில் ஒரு சுரத்தை இழைத்து இறக்கும் விதம் அந்த ஒருவருடையது. கோண்டு ஓவியரின் நுண்கோலமும் அப்படிப்பட்டது. ஓவியத்தின் மூலையில் இருக்கும் கையெழுத்தைப் பார்க்காமலே, இது இன்னார் வரைந்த மான் என்று சக ஓவியர்கள் சொல்லிவிடுவார்கள்.

நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் புத்தகம் ‘பீமாயணம்’. அம்பேத்கர் தம் வாழ்வில் பட்ட தீண்டாமையின் கதையைப் படங்களாகச் சொல்வது. 2011-இல் நவயானா வெளியிட்டது. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த், ஓவியம் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதி. துர்காபாய் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் திக்னா என்னும் மங்கலக் கோலத்தைச் சிறு வயதிலேயே பாட்டியிடம் கற்றவர்.

இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்குச் சித்திரக்கதை என்றால் கட்டம் கட்டமாகத்தான் மனத்தில் வரும். வியாம் தம்பதியிடமும் அப்படிப்பட்ட புத்தகங்களைக் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் அவர்களுக்கு மூச்சு முட்டும் என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். அதனால் இந்தப் புத்தகத்தில் கட்டங்களே இல்லை. திக்னாக் கோலமே வளைந்து நெளிந்து ஓடிப் பக்கத்தைப் பிரிக்கிறது. ரயில் பாம்பாகிறது. நீண்ட சாலை மயிலின் கழுத்தாகிறது. தண்ணீர்க் குழாயின் கைப்பிடி யானைத் துதிக்கையாகிறது. மகாட் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக 1927-இல் நடந்த போராட்டத்தில் அம்பேத்கர் பேசும் காட்சியில், ஒலிபெருக்கியிலிருந்து கூட்டத்தின் மேல் நீர் பொழிகிறது.

இவற்றையெல்லாம்விட என்னைக் கட்டிப்போட்டவை பேச்சு பலூன்கள்தாம். அன்பும் நியாயமும் உள்ள பேச்சுக்குப் பறவை வடிவ பலூன். சாதி நஞ்சு தோய்ந்த பேச்சுக்குத் தேளின் கொடுக்கு முளைத்த பலூன். மனத்துக்குள் ஓடும் எண்ணத்துக்கு ஒரு கண்.

வழக்கமான காமிக்ஸில் கோபக் கத்தலுக்குத்தான் முள் முள்ளான பலூன் போடுவார்கள். அது காட்டுவது சத்தத்தின் அளவை. தேள் பலூன் நஞ்சின் அளவைக் காட்டுகிறது. தீண்டாமை எப்போதும் கத்திக்கொண்டு வருவதில்லை. சிறுவன் அம்பேத்கருக்குப் பள்ளியில் தாகம் எடுத்தால் பியூன் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. இதைச் சொல்ல யாரும் குரல் உயர்த்த வேண்டியதில்லை. அன்றாட விதியாக, சாதாரணத் தொனியில் சொல்லிவிடலாம். அந்தத் தணிந்த குரலில் இருக்கும் கொடுக்கை வரைய ஒரு வழி வேண்டியிருந்தது. அதைச் சுவரில் கோலம் போட்டுப் பழகிய கைகள் கண்டுபிடித்திருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் இந்தப் பக்கத்தைப் பார்த்து, யார் பேச்சு கொட்டும், யார் பேச்சு கொட்டாது என்று சொல்லிவிடும்.

நாட்டார் கலை என்றாலே பழைய நினைவு, கிராமத்து மணம், தொலைந்துபோன காலம் என்று பேசும் ஓவியர்களும் பதிப்பாளர்களும் இங்கே பெருகிவிட்டார்கள். அந்த ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அது உண்டு. ஆனால் ஏக்கம் நம்முடையது, அந்த ஓவியர்களுடையது அல்ல. ஜன்கரின் உறவினர் பஜ்ஜு ஷ்யாம் ஓர் உணவகத்தின் சுவரில் வரைய லண்டன் போனார். பார்த்ததை வரைந்து 2004-இல் சென்னை தாரா புக்ஸ் வழியாக ‘லண்டன் ஜங்கிள் புக்’ கொண்டுவந்தார். அதில் பிக் பென் கடிகாரக் கோபுரமும் சேவலும் ஓருடலாகச் சேர்ந்திருக்கின்றன; கோண்டுகளுக்குப் பொழுதைச் சொல்வது சேவல் அல்லவா? சுரங்க ரயில் மண்புழுவாக ஊர்கிறது. புதிய ஊரைப் புரிந்துகொள்ளத் தன் மரபையே கருவியாக்கிய மனிதர் அவர்.

நாமோ அந்தச் சிந்தனையை விட்டுவிட்டுப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். செல்பேசி உறை, திருமண அழைப்பிதழ், காபிக் கோப்பை என்று எங்கும் கோண்டு மான் துள்ளுகிறது. வரைந்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. ‘பழங்குடி ஓவியம்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு நாகசுரக் கச்சேரியை ஒலிப்பதிவு செய்து ‘தஞ்சாவூர் இசை’ என்று பெயரில்லாமல் விற்றால் நாம் பொறுப்போமா?

கடிதம் எழுதிய மாணவிக்கு இதைத்தான் சொல்வேன். கோண்டு படம்தான் வேண்டுமென்றால், கூலி கொடுத்து ஒரு கோண்டு ஓவியரிடம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள்தான் வரைய வேண்டும் என்றால், தஞ்சை மானை உங்கள் கையில் ஊறிய கோட்டால் நிரப்பிப் பாருங்கள்.

ஓவியரின் பெயரைச் சொல்லியே அவர் படத்தை வெளியிட முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. கறுப்புக் கைக்காகிதத்தில் திரை அச்சாக வந்த தாரா புக்ஸின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2008-இல் இத்தாலியின் போலோன்யா ரகாட்ஸி விருது பெற்றது. அதன் ஆசிரியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி என்று மூவர் பெயரும் புத்தகத்திலேயே இருக்கிறது. மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது வட்டாரத்தின் பெயரைக் காக்கும்; துர்காபாய்க்கோ பஜ்ஜுவுக்கோ உரிய நுண்கோலத்தைக் காக்காது. தனி ஓவியத்தைக் காப்பது பதிப்புரிமைச் சட்டம். ஓவியர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை உண்டு. ஆனால் எங்கோ ஒரு நகரத்தில் அச்சான கோப்பையைக் கண்டுபிடித்து, வக்கீல் வைத்து வழக்காட வேண்டியவர் அந்த ஓவியரேதான்.